பத்து நாள் தடுப்பு

எழுதத் துணிந்தமைக்கு முதலில் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இலக்கணம் பயின்றதுண்டு, கதை எழுதிய பழக்கம் கிடையாது. ஆயினும், ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நடந்த இதனைச் சொல்லாமல் விடுவது, எழுதிக் கெடுப்பதைவிடப் பெரிய பிழையாகத் தோன்றியது.

அன்று காலை, அட்டை வெட்டும் இயந்திரங்கள் ஆறிலும் கம்பி வலையாலான தடுப்புகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவை பத்து ஆண்டுகளாகக் கிடங்கில் தூசி படிந்து கிடந்தவை. தடுப்பு இருந்தால் விரல் முட்டி வலையில் படும்வரை அட்டையைத் தள்ளலாம். அதற்கு மேல் கை உள்ளே போகாது. பிறகு காலால் மிதித்தால் கத்தி இறங்கும். ஆனால் வேலை சற்று மெதுவாகும். அதனால்தான் அவை கிடங்குக்குப் போயின.

"கோழிக்கூண்டுக்குள்ள கைய விட்டு முட்டை எடுக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மூன்றாம் இயந்திரத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்யும் பெண். அவள் அண்ணன் மனைவியும் அங்கேதான் வேலை செய்தாள்; இவர்களை நாத்தனார், அண்ணி என்றே சொல்கிறேன்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கம்மா. குழு வந்து பாத்துட்டுப் போனதும் கழட்டிடலாம்" என்றார் மேற்பார்வையாளர்.

அரசும், முதலாளிகள் சங்கமும், தொழிற்சங்கமும் கூடி, கண்ணியமான வேலைக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் வகுத்திருந்தன. அதன்படி தரப்புக்கு ஒருவராக மூவர் குழு வந்து பாதுகாப்பைச் சோதித்துச் சான்றிதழ் தரும்; தொழிற்சாலைதோறும் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். இங்கே அந்தப் பொறுப்பு, பசை ஒட்டும் பிரிவில் இருந்த அண்ணிக்கு வந்தது. படித்தவள், குரல் உயர்த்தாதவள் என்பதால் மேலாளரே அவள் பெயரை முன்மொழிந்தார்.

"எங்க அண்ணி இப்ப பெரிய ஆளு. வீட்டுல குழாய் ஒழுகினாக்கூட இனி மனு எழுதித்தான் குடுக்கணும்" என்று நாத்தனார் சாப்பாட்டு வேளையில் ஊரைக் கூட்டினாள்.

"மனு குடுத்தா மட்டும் உங்கண்ணன் எந்திரிச்சு சரி பண்ணிடுவாராக்கும்" என்றாள் அண்ணி.

திங்கட்கிழமை வரவேண்டிய குழு இருமுறை தள்ளிப்போட்டு, பத்தாம் நாள்தான் வந்தது. மூவரும் இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். அரசு அதிகாரி அண்ணியிடம் கேட்டார்: "இந்தத் தடுப்பு எப்பவும் இருக்குமாம்மா?"

நான்கடி தள்ளி மேலாளர் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார். சான்றிதழ் கிடைத்தால்தான் வெளிநாட்டு ஆர்டர் வரும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். இருநூறு குடும்பங்களின் சோறு அது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா என்று அண்ணியின் மனம் தடுமாறியது.

"எப்பவும் இருக்குங்க சார்" என்று சொல்லி, அப்படியே எழுதியிருந்த குழுவின் படிவத்தில் கையெழுத்திட்டாள். அன்று மாலையே தடுப்புகள் கிடங்குக்குத் திரும்பின.

மறுநாள் வேலை தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாத்தனார் அலறவில்லை. சாப்பிடக் கூப்பிடும் குரலில், "அண்ணி" என்று ஒருமுறை அழைத்தாள். அண்ணி ஓடி வந்தபோது அட்டை முழுவதும் நனைந்திருந்தது.

மருத்துவமனைக் கட்டிலில், கட்டுப்போட்ட வலக்கையை நெஞ்சின்மேல் வைத்தபடி நாத்தனார் சொன்னாள்: "நான் பராக்குப் பாக்கல அண்ணி. வலை முட்டும்னு கை பாட்டுக்குப் போயிடுச்சு. பத்து நாள்ல பழகிடுச்சு போல."

ஒன்பது ஆண்டுகள் தடுப்பில்லாமலும் தப்பித்த கை, தடுப்பை நம்பக் கற்றுக்கொண்ட மறுநாள் போயிற்று. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிய படிவத்தில் இருந்தது தன் கையெழுத்தல்லவா என்று அண்ணி குமைந்தாள்.

ஒரு வாரம் கழித்து மேலாளர் அவளை அறைக்கு அழைத்து விபத்து அறிக்கையை நீட்டினார். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது.

"உங்க வீட்டுப் பொண்ணு. எனக்கும் வருத்தம்தான். ஆனா ஆர்டரும் போயிடக்கூடாது பாருங்க. ஒரு கையெழுத்து. போன தடவை போட்டீங்களே."

"போட்டேன் சார். அதனாலதான் இந்தத் தடவை போடமாட்டேன்."

"வேலை வேணாமா?"

"வேணும் சார். விரலோட வேணும்."

அறிக்கையை மேசையிலேயே வைத்துவிட்டு, முத்தரப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திற்குப் போனாள். எழுந்து நின்று சொன்னாள்:

"அன்னைக்கு நான் சொன்னது பொய். நீங்க வர்றதுக்காகத்தான் தடுப்பு மாட்டினாங்க. போனதும் கழட்டிட்டாங்க. கழட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் முதலாளிகள் சங்கத்துக்காரர்.

"மேலாளரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டா எந்த வாய் சார் பேசும்? தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அது உங்க தப்பு. பயந்து பொய் சொன்னது என் தப்பு." மூவரையும் பார்த்துத் தொடர்ந்தாள். "நாடே கூடித் திட்டம் போட்டாலும், மிஷின் முன்னால நிக்கிறவங்க உண்மையைச் சொன்னாத்தான் அது திட்டம். இல்லேன்னா வெறும் காகிதம். பாதுகாப்பு, விருந்தாளி வர்ற அன்னிக்கு மட்டும் விரிக்கிற பாயாங்க? வேலை செய்ற ஒவ்வொரு நாளும் இருக்கணும். அதைக் கேட்டு வாங்குறது தொழிலாளியோட உரிமை. மறைக்காம சொல்றது கடமை."

அரசு அதிகாரி பழைய படிவத்தை எடுத்து, அதன் குறுக்கே கோடிட்டார்; சான்றிதழ் ரத்தாயிற்று. தடுப்புகள் கழற்ற முடியாதபடி இயந்திரத்தோடு பற்றவைக்கப்பட்டன. இப்போது குழுவினர் தொழிலாளர்களை வாயிலுக்கு வெளியே, தனித்தனியாகச் சந்தித்துக் கேட்கிறார்கள்.

பிழை பொறுக்க வேண்டி, இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்த ஆண்டின் வெளிநாட்டு ஆர்டர். அதனால் நாற்பது பேருக்கு மூன்று மாத வேலை. அண்ணிக்கு, அவள் கணவன், தங்கைக்கு நேர்ந்ததற்காக, முகம் கொடுத்துப் பேசாத ஐந்து வாரங்கள். நாத்தனாருக்கு ஒன்பது ஆண்டுத் தொழில். அவள் வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.