மோதிரம் இறங்காத விரல்

மோதிரம் அம்புரோஸின் விரல் நுனியிலேயே நின்றுவிட்டது. அளவெடுத்த ஆசாரி நூலை விரலின் அடியில் சுற்றிப் பார்த்திருந்தார். நுனி இப்படிப் பருத்துக் கிடக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணப்பெண் இஞ்ஞாசி இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள். இறங்கவில்லை. "தோணி ஓட்டுத தண்டேல் கையாச்சே, சோப்பு போட்டாத்தான் ஏறும்" என்று யாரோ சொல்ல, நிச்சயத்துக்குக் கூடியிருந்த வீடே சிரித்தது. அம்புரோஸும் சிரித்துவைத்தான்.

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. அவள் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பக்கவாட்டில் திருப்பினாள். நகம் தொடங்குகிற இடத்தில் இருக்கவேண்டிய சிறு பள்ளம் காணவில்லை. நகங்கள் கிளிமூக்கைப் போல வளைந்து இறங்கியிருந்தன. நகத்தின் அடியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள், பஞ்சாக அமுங்கியது. அடுத்த விரலும் அப்படியே. மோதிரத்தைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"காலைல இருமும்போது சளி நாறுதா?"

போன ஐப்பசிப் புயலில் கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டு வரும்போது அலை அவனைத் தோணியிலிருந்து தூக்கி எறிந்தது. இழுத்துப் போட்டபோது நினைவில்லை. வயிறும் நெஞ்சும் உப்புத்தண்ணீர். பிறகு கொஞ்ச நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, இருமல் போகவே இல்லை. விடிந்ததும் தோணியின் ஓரத்துக்குப் போய், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, யார் மூக்கிலும் படாதபடி கடலில் துப்புவான். பெற்ற தாய்க்கும் தெரியாமல் வைத்திருந்தான். காசம் என்று ஒருவன் வாயில் வந்துவிட்டால் போதும், அப்புறம் அவனோடு தோணியில் யார் ஏறுவார்கள்? இவளோ அவன் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு நெஞ்சுக்குள் இருப்பதைக் கேட்கிறாள்.

அவன் தலையை லேசாக அசைத்தான்.

இஞ்ஞாசி மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள். தன் அப்பாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அப்பா, எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். கொஞ்ச நாள் தள்ளி வைங்க."

வீடு இடிந்து விழுந்தது போல் ஆயிற்று. அம்புரோஸின் அம்மா மதலேனம்மாள் எழுந்து நின்று கத்தினாள். "நாலு பேருக்கு முன்னால எம் மகன அவமானப்படுத்துதாளே! ராத்திரி டூட்டி பாக்குத பொண்ணு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன், எவன் கேட்டான்?" இஞ்ஞாசியின் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை ஏச்சும் அவன் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். வெள்ளைச் சேலையும் கான்வாஸ் செருப்புமாக அவள் வந்தாள்.

"நேத்து ஏன் எம் பேரச் சொல்லல?"

"சொன்னா ஊரு காசம்னுதான் பேசும். அது காசமா, வேற ஏதுமான்னு எனக்கே தெரியாது. தெரியாதத எப்படிச் சொல்ல?" அவள் நடந்துகொண்டே பேசினாள். "எம் பேரு கெட்டா நான் தாங்கிக்கிடுவேன். ஒங்க பேரு கெட்டா தோணி கரையிலதான் கெடக்கும். வாங்க, டாக்டர் வந்துட்டாரு."

டாக்டர் பால்துரை அவன் விரல்களைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சளியையும் சோதித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலது நுரையீரலில் ஒரு குழி, அதில் பாதிக்குத் தண்ணீர் நிற்பது போல ஒரு கோடு. "காசம் இல்ல. கடல் தண்ணி உள்ள போனதுல சீழ் கட்டியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எங் கைல ஒண்ணும் இருந்திருக்காது. நெஞ்சுல சீழ் நாள்பட நின்னா விரல் நுனி இப்படித்தான் பருக்கும், இஞ்ஞாசி சரியாப் பாத்திருக்கா." யுத்தத்துக்குப் பிறகு வந்த பென்சிலின் மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார். வந்தாலும் முழுசாகக் குணமாகும் என்று இப்போதே சொல்லமுடியாது என்றார்.

அம்புரோஸ் வீட்டுக்குப் போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தான். கடலில் துப்பியது முதல் எல்லாவற்றையும் சொன்னான். "அவ என்னய வேண்டாம்னு சொல்லலம்மா. எனக்காக ஏச்சு வாங்கிட்டு நின்னா." மதலேனம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோதும் அவள் நிமிரவில்லை.

பென்சிலின் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி. அதைவிடப் பெரிய பாடு சீழை வெளியே எடுப்பது. கட்டிலின் குறுக்கே கவிழ்ந்து படுத்து, இடுப்புக்கு மேல் உடம்பு கீழே தொங்க, கைகளைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இஞ்ஞாசி உள்ளங்கையைக் குழித்து அவன் முதுகில் தட்டுவாள். தட்டத் தட்ட உள்ளே கட்டிக் கிடந்தது இளகி, இருமலோடு கீழே வைத்த பேசின் கிண்ணத்தில் விழும். அந்த நாற்றத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் துண்டால் மூக்கை மூடிக்கொள்வார்கள். காற்றுப் பார்த்துத் துப்பிய அம்புரோஸுக்குக் கூசும். அவளோ மூக்கைச் சுளித்ததில்லை. பேசினை எடுத்துப் பார்த்து, "நேத்தைக்கு இன்னைக்கு கொறஞ்சிருக்கு" என்று துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்ப்பவரைப் போலச் சொல்லுவாள். புயலில் சுக்கான் பிடித்த ஆண்களை அவன் பார்த்திருக்கிறான். இந்த நிதானம் அவர்களிடம் இருந்ததில்லை. காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அப்படித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது தட்டுவது சட்டென்று நின்றது. தூக்குவாளியைத் தரையில் வைக்கிற சத்தம், கஞ்சி மணம்.

"ஏளா, கை நோவலியா?" அம்மாவின் குரல்.

"பழகிட்டு, மாமி."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகும் சரசரப்பு.

"தள்ளு. எங்கன தட்டணும்?"

"கைய இப்படிக் குழிச்சுக்கிடுங்க. விரலச் சேத்து… ஆமா. இந்த விலாவுக்குப் பின்னால."

அம்புரோஸால் முகங்களைப் பார்க்க முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே, சிமிண்டுத் தரையில், வெடித்துப்போன இரண்டு வெறுங்கால்களும் வெள்ளைக் கான்வாஸ் செருப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. செருப்புகள் சற்று விலகி இடம் கொடுத்தன. முதல் தட்டு அவன் முதுகில் விழுந்தது, வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே.