வெயிலில் காய்ந்த செல்

மார்ச் 12, 2012, திங்கள்.
என் தவறு: ஒன்பது நாள் சோதித்தேன். ஒருமுறைகூட ரிமோட்டிலிருந்து செல்லைக் கழற்றிப் பார்க்கவில்லை.

நோட்டில் இதை எழுதி முடித்தபோது சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியிருந்தது. பிரிசில்லாவுக்கு அடுத்த வரி ஓடவில்லை.

பகலில் கடலூர் செம்மண்டலத்தில் லூர்துசாமியின் பட்டறை வேலை, மாலையில் சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. பட்டறையில் செய்வது பம்புசெட்டைத் தூரத்திலிருந்தே போடும் ரிமோட். திட்டக்குடிப் பக்கம் ஒருவர் தன் ரிமோட்டை அமுக்க, பக்கத்துக் கொல்லை மோட்டார் வறண்ட கிணற்றில் ஓடி, அதன் கம்பிச் சுருள் கருகியது. அதன்பிறகுதான் ஒவ்வொரு கட்டளையையும் சங்கேதமாக்கி, கூடவே ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒன்று கூடும் வரிசை எண்ணும் வைத்து அனுப்பும்படி பிரிசில்லா நிரல் எழுதினாள். பழைய எண் வந்தால் மோட்டாரோடு இணைத்த பெட்டி அதை ஏற்காது. ரிமோட்டின் குட்டிச் சிப்பில் இதை அடக்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

காலையில் பெண்ணாடத்திலிருந்து கலியபெருமாள் போன் செய்தார். முதல் பெட்டி அவர் கொல்லையில்தான் இருந்தது.

"அம்மாடி, மோட்டார் எடுக்க மாட்டேங்குது. கரண்டு மூணு மணி நேரந்தான் வருது. நட்டு இருவது நாள் கரும்பு, வாடிப் போவுது."

"ரிமோட்டை எதாவது பண்ணீங்களா மாமா?"

"ஒண்ணும் பண்ணல. செல்லு வீக்கா இருந்திச்சி, கழட்டி வெயில்ல வச்சேன். எல்லாரும் வைக்கிறதுதான?"

அவள் வீட்டு டி.வி. ரிமோட்டின் செல்லும் மொட்டை மாடியில்தான் காயும். கரண்ட் போகும் ஊர் என்று பெட்டியின் எண்ணை, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் எழுதியவள், ரிமோட்டில் செல் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். செல்லைக் கழற்றியதும் ரிமோட் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. பெட்டி அதைத் திருட்டுச் செய்தி என்று தள்ளிவிட்டது.

"பூட்டப் போட்டு சாவிய நீயே முழுங்கிட்டியா?" என்றார் லூர்துசாமி. "நாளைக்கு பூட்டு இல்லாத பழசையே அவருக்குக் குடுத்துடறேன்."

"இன்னிக்கி ஒரு நாள் குடுங்க சார்."

"எட்டு மணிக்குள்ள சொல்லு."

வகுப்பில் பக்கத்து மேசை அன்புமணி எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும், செய்தி கிளம்புவதற்கு முன்பே, ரிமோட்டும் எண்ணை அழியாத நினைவகத்தில் எழுதும்படி பிரிசில்லா நிரலை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"திரும்பத் திரும்ப எழுதினா அந்த இடம் தேஞ்சிடாதா?"

"லட்சம் தடவ தாங்கும். ஒரு நாளைக்கி பத்து தடவன்னாலும் இருவத்தேழு வருஷம்."

"அதுக்குள்ள உனக்கு நரைச்சிடும்."

"சும்மா இரு. செல்லக் கழட்டு."

அவன் கழற்றினான், போட்டான். அவள் அமுக்கினாள். மோட்டாருக்குப் பதிலாக வைத்திருந்த பல்பு எரிந்தது. இருபது முறை கழற்றினார்கள், இருபது முறையும் எரிந்தது. திருடன் செய்வதுபோல, முன்பே காற்றலையில் பிடித்துவைத்த பழைய செய்தியை மறுபடி அனுப்பினாள். பல்பு எரியவில்லை. இருபத்தொன்றாவது முறையும் கழற்றச் சொன்னாள்.

"ஒன்ன நீயே நம்ப மாட்டியாடி?"

அதுவும் எரிந்தது. ஏழே முக்காலுக்கு லூர்துசாமியை அழைத்தாள். வரிசையாகச் சொன்னாள்.

"ஜாஸ்தி பேசாத. நீயே போயி போட்டுட்டு வா. பூட்டு இருக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறந்தாள்.

நாளை: காலை ஆறரை பஸ்ஸில் பெண்ணாடம். ரிமோட்டில் புது நிரல் எழுதிய சிப்பைப் போட்டு, எண் ஒத்துப்போகும்படி பெட்டியோடு மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும். கலியபெருமாள் மாமா கையாலேயே செல்லைக் கழற்றிப் போடச் சொல்லி, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.