மரத்துக்கு வைத்த கைநாட்டு

கிளென்மூர் டவுனில் ஸ்டேசனிலிருந்து மாதா கோவில் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் முப்பத்தொரு செண்பக மரங்கள் நின்றன. எந்தக் காலத்திலோ ஒரு துரை நட்டுவிட்டுச் சீமைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவற்றைப் பார்த்துக்கொள்கிற வேலை டவுன் கவுன்சிலில் அந்தோனிமுத்துவுக்கு. பட்ட கொப்பை ஏறி வெட்டுவார், வெட்டின இடத்தில் தார் பூசுவார், வண்டு துளைத்த ஓட்டையில் கம்பியை விட்டுக் குடைவார், மழை தொடங்குமுன் வேரடியில் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவார். பதினேழு வருசமாக இதுதான். எந்த மரம் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஐம்பத்துநாலாம் வருசம் ஆடி மழையில் ஒரு பெரிய கொப்பு முறிந்து ரொட்டிக் கடைக் கூரைமேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் கவுன்சில் ஒரு முடிவு எடுத்தது. மரத்துக்கு என்று ஒதுக்கி வந்த காசு இனிக் கிடையாது. தாரும் இல்லை, கயிறும் இல்லை, கூட வேலை செய்த இரண்டு ஆட்களும் இல்லை.

அதை அந்தோனிமுத்துவுக்குச் சொன்னது லோரன்ஸ்தான். லோரன்ஸ் கவுன்சில் கந்தோரில் கிளாக்கர். அந்தோனிமுத்துவின் மனைவி மரியநாயகிக்கு ஒரே தம்பி. தாய் செத்தபோது ஆறு வயது. அக்கா கல்யாணமாகி வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன். கட்டின சேலையோடு வந்தவள், ஒரு பிள்ளையையும் கொண்டுவந்துவிட்டாள் என்று லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். அந்தோனிமுத்து சிரிக்கவில்லை. மிசன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கடைசிப் பரீட்சைக்குப் பணம் கட்ட மரியநாயகி காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அந்த வம்சத்தில் பேனா பிடித்து மாதச் சம்பளம் வாங்கின முதல் ஆள் லோரன்ஸ்.

"மச்சான், கவுன்சில் தராட்டி என்னங்க? ஊர் தரும்" என்றான் லோரன்ஸ். "தேயிலைத் தோட்டத்து ஆளுங்க, கடைக்காரங்க எல்லார்கிட்டயும் சந்தா சேர்ப்போம். ஆளுக்குப் பத்துச் சதம் குடுத்தாலும் ரெண்டு வருசம் மரத்தைப் பாத்துக்கலாம். நான் தாள் எல்லாம் அடிச்சுத் தாறேன். நீங்க கேட்டா யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் சந்தைக்கும் வருகிற தோட்டத்து ஜனங்களுக்கு அந்த நிழல்தான் உட்காருமிடம். கடைக்குள்ளே அவர்களை யாரும் உட்காரச் சொல்வதில்லை. மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள், பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள், மழை வந்தால் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மரத்தைப் பார்க்கிற ஆள் என்பதால் அந்தோனிமுத்துவை நாலு தோட்டத்திலும் தெரியும்.

ஒன்றரை மாதம் அலைந்தார். விடியற்காலையில் வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் போடுகிற நேரத்துக்குப் போய் நிற்பார். அந்தியில் லயம் லயமாக ஏறி இறங்குவார். லோரன்ஸ் கொடுத்த தாள்களில் கட்டம் மட்டும் போட்டிருந்தது: பேர், தோட்டம், கொடுத்த தொகை, கையெழுத்து. எல்லாத் தாளுக்கும் முன்னால் குத்தியிருந்த ஒரு தாளில் விசயத்தை இங்கிலீசிலும் தமிழிலும் அடித்திருந்தான். மரங்களைப் பாதுகாக்க நாங்கள் மனமுவந்து தருகிற பணம் என்று. துணிக்கடை நஸார் முதலாளி அதை இரண்டு மொழியிலும் வாசித்துப் பார்த்துவிட்டு ஐந்து ரூபாய் எழுதினார்.

மேல் டிவிசனில் ராசம்மா என்று ஒரு கொழுந்துக்காரி. "எதுக்குங்க கைநாட்டு? சல்லியை மட்டும் வாங்கிக்கிட்டுப் போங்களேன்" என்றாள். அவள் வீட்டில் கைநாட்டுக்குப் பயம். கடல் தாண்டி வந்தவர்கள் என்று வோட்டையும் பிரஜாவுரிமையையும் பறித்த பிறகு, அதைத் திரும்பக் கேட்டு எத்தனையோ தாளில் வைத்தாகிவிட்டது, ஒரு பதிலும் வரவில்லை.

"சல்லி எங்க போச்சுன்னு நாளைக்கு யாரும் கேக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான். நான் இருக்கேன், வைங்க" என்றார் அந்தோனிமுத்து.

அவர் சொன்னதற்காக வைத்தாள். அவளைப் பார்த்து அந்த லயமே வைத்தது. பணத்தையும் தாள்களையும் லோரன்ஸ் கையில் ஒப்படைத்தபோது, தோட்டத்து ஜனங்களின் பேர் மட்டும் நானூற்றுக்கு மேல் இருந்தது. மார்கழியில் லோரன்ஸ் ஒரு பீப்பாய் தாரும் புதுக் கயிறும் வாங்கித் தந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் ஒன்பது மரத்தை முடித்துவிட்டார் அந்தோனிமுத்து.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் தார் வாளியோடு ஸ்டேசன் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மரம் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு நம்பர். முதல் மரத்தின் கீழே ஏழெட்டுப் பேர், பெரிய அறுப்பு வாள், கயிறு, பக்கத்தில் ஒரு லொறி. வாள் ஏற்கெனவே பாதி மரத்துக்குள்ளே போயிருந்தது. அவர் தார் பூசிய மரம். தாரின் பளபளப்புக்கூடக் குறையவில்லை.

"நிப்பாட்டுங்க! யாரைக் கேட்டு வெட்டுறீங்க?" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் வாளின் பிடியைப் பற்றினார்.

மேஸ்திரி அவரை மெதுவாக விலக்கினார். "கோவிக்காதீங்க அண்ணே. கவுன்சில் ஓடர். உங்க சனங்கதானே வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க? கந்தோர்ல ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்க."

பார்த்தால் மட்டும் போதுமா? அந்தோனிமுத்துவுக்கு வாசிக்கத் தெரியாது. நஸாரின் கடைக்கு ஓடினார். நஸார் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். கந்தோர் வாசலில் இருந்த பலகையில் சில தாள்கள் ஒட்டியிருந்தன. பின்னால் இருந்தவற்றை அந்தோனிமுத்துவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கட்டங்கள், வரிசையாக நீல மையில் விரல் அடையாளங்கள். ஒரு மூலையில் ராசம்மாவின் பிள்ளை கைபட்ட எண்ணெய்க் கறை. முன் தாள் மட்டும் வேறு.

நஸார் ஒருமுறை மனசுக்குள் வாசித்தார். பிறகு அந்தோனிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"ஸ்டேசன் ரோட்டு மரங்களால உயிருக்கு ஆபத்தா இருக்கு. அதுகள வெட்டி அகற்றித் தரணும். வெட்டுக் கூலிக்கு நாங்க சேர்த்த சந்தாப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இப்படிக்கு, கீழே கையெழுத்து வைத்திருக்கிற பொதுமக்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "என்ட பேரும் கிடக்கு அந்தோனி."

"நஸார் நானா, இன்னொருக்கா வாசிங்க."

நஸார் இன்னொரு தடவை வாசித்தார். மாறவில்லை.

லோரன்ஸ் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். மச்சானைப் பார்த்ததும் எழுந்து, மற்றவர்கள் கேட்காதபடி அவரைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனான்.

"நீயா மாத்தினது?"

லோரன்ஸ் தாழ்வாரக் கதவைச் சாத்தினான்.

"லோரன்ஸு. ஒன்னைத்தான் கேக்குறேன். நீயா?"

"கவுன்சில் சேர்மன் சொன்னாருங்க மச்சான். மரத்தை விலைக்கு எடுத்தவரு அவருக்கு வேண்டியவரு. சும்மா வெட்டினா கவர்மெண்டு ஏஜண்டு துரை கேள்வி கேப்பாரு, ஜனங்க கேட்ட மாதிரி இருக்கணும்னாரு. சந்தா சேர்க்கச் சொன்னதே..." சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

அந்தோனிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.  பெரட்டுக்களத்துக்கு அவர் போன முதல் நாளுக்கு முன்பே, மரம் விலை பேசி முடிந்திருக்கிறது.

"எனக்கு வேற வழி இல்லைங்க" என்றான் லோரன்ஸ். "பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு இனிக் கவுன்சில்ல வேலை இல்லையாம். என் விசாரணைக்கு சேர்மன் கடுதாசி குடுத்தாத்தான் நடக்கும். இல்லேன்னா நான் எங்க போவேன்? கொழுந்துக் கூடையைத் தூக்கவா என்னைப் படிக்க வச்சீங்க?"

"அந்தக் கைநாட்டு வச்சதெல்லாம் கூடை தூக்குறவங்கதான்டா" என்றார் அந்தோனிமுத்து. "அவங்களுக்கு எவன் கடுதாசி குடுப்பான்?"

அன்றே அவர் எங்காவது ஒதுங்கிவிட்டிருக்கலாம். தோட்டத்து ஜனங்களுக்கு விசயம் தெரிய ஞாயிற்றுக்கிழமை ஆகும். ஆனால் மறுநாள் இருட்டுப் பிரியுமுன்னே மேல் டிவிசன் பெரட்டுக்களத்தில் போய் நின்றார். கணக்கப்பிள்ளை பேர் போட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு சொன்னார். மரத்தைப் பார்க்கக் கொடுத்த காசு மரத்தை வெட்டக் கூலியாகப் போனது. நீங்கள் வைத்த கைநாட்டை வெட்டச் சொல்லி வைத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். செய்தது என் மச்சினன், நான் வளர்த்த பிள்ளை. ஒன்றையும் மறைக்கவில்லை.

 கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வோட்டுப் போட இந்தக் கை ஆகாதுன்னாங்க" என்றார் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யா. "மரம் வெட்ட மட்டும் ஆகுதாக்கும்."

ராசம்மா முன்னால் வந்தாள். "காசு போனாப் போவுதுங்க. பத்துச் சதம். நான் வேணாம்னு சொன்னேன்ல? நீங்கதானே 'நான் இருக்கேன் வைங்க'ன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"நீங்களும் வீட்டு ஆளுங்களும் சேந்து செஞ்சீங்களா, இல்ல உங்களையும் ஏமாத்திட்டாங்களா? எங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க."

 அவள் திரும்பி மலையேறினாள். எல்லோரும் அவள் பின்னால் போனார்கள்.

நஸார் ஏஜண்டு துரைக்கு ஒரு மனு எழுதினார். ஜனங்களின் கையெழுத்து வேண்டும் என்று சொன்னபோது அந்தோனிமுத்து மறுபடியும் நாலு தோட்டமும் ஏறி இறங்கினார். ஒருவரும் விரலை நீட்டவில்லை. நஸார், இன்னும் இரண்டு கடைக்காரர்கள், பிறகு அந்தோனிமுத்துவின் கைநாட்டு. அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து ஒரு உத்தியோகத்தர் ஜீப்பில் வந்து வெட்டை நிறுத்தினார். அதற்குள் இருபது மரம் லொறியேறிவிட்டது. மாதா கோவில் பக்கத்தில் பதினொன்று மிஞ்சியது. பொதுமக்களின் வேண்டுகோளின்படிதான் எல்லாம் நடந்தது என்று கவுன்சில் எழுதிக் கொடுத்தது. விசாரணை அதோடு முடிந்தது. அந்தோனிமுத்துவை மரத்து வேலையிலிருந்து எடுத்துக் கான் கழுவுகிற கூட்டத்தில் போட்டார்கள்.

வீட்டில் மரியநாயகி தம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளுக்கும் வேதனைதான் என்று அந்தோனிமுத்து நினைத்துக்கொண்டிருந்தார். சித்திரையில் ஒருநாள், கான் சேறு பட்டுப் புண்ணான காலுக்கு அவள் மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"நத்தாருக்கு வந்தப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே அந்தப் பய. என்கூட ஒக்காந்து சாப்பிட்டானே."

மஞ்சள் பூசின கை நின்றது.

"என்கிட்டச் சொன்னான்" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"மரத்தை வெட்டப் போறாங்க, வெட்டினாத்தான் எனக்குக் கடுதாசி கிடைக்கும், மச்சான்கிட்டச் சொல்லாதக்கான்னு அழுதான்." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "மரம் இன்னொண்ணு வளருங்க. அவனுக்கு இன்னொரு நாடு எங்க கிடைக்கும்? நம்மள நாளைக்குக் கப்பல்ல ஏத்தினாலும் அவனாவது இங்க இருக்கட்டும்னு நெனச்சேன்."

நத்தாருக்குப் பிறகு மூன்று வாரம் அவர் இதே அறையில் படுத்தெழும்பினார். இதே அடுப்படியில் குந்தியிருந்து, மீதி மரத்தை எப்படிச் செய்யலாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கவனமாகத்தான் கேட்டாள். ஒருநாள், மழைக்கு முன்னால் முடித்துவிடுவீர்களா என்றுகூடக் கேட்டாள்.

அந்தோனிமுத்து காலை இழுத்துக்கொண்டார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. துணியை எடுத்து மஞ்சளைத் தாமே துடைத்தார்.

வைகாசியில் லோரன்ஸுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. கவுன்சில் கொடுத்த குவாட்டர்ஸில் விருந்து வைத்தான். மரியநாயகி போய்வந்தாள். வரும்போது வாழையிலையில் கட்டிக் கோழிக்கறியும் சோறும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "உங்களை ரொம்பக் கேட்டான்" என்றாள்.

அன்று விடியலிலிருந்து கானில் நின்றவர். மழையும் நல்ல மழை. பசி குடலைப் பிடுங்கியது. அவர் இலையைப் பிரித்தார், குனிந்த தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றார். கறி நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வெளியே போய், மழையிலேயே வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.