சாம்பிராணிப் புகையும் கமராவும்

மட்டக்குளியில் நெல்லிரசம் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில், வரிசையில் வரும் போத்தல்களைப் பார்த்துப் பழுதானவற்றை எடுத்துவிடுவது என் வேலை. அடுத்த மாதம் அந்த வேலையைக் கமரா செய்யும் என்றார்கள். கமராவை இயக்க ஒருவர் போதும். என்னையும் பக்கத்து வரிசையில் நிற்கும் கிஷாந்தையும் வெள்ளவத்தையில் மாலை வகுப்புக்கு அனுப்பினார்கள். சோதனையில் தேறுபவர் கொழும்பில் இருக்கலாம். மற்றவர் ஹொரணைக் கிளைக்குப் போய் அங்கேயே தங்கவேண்டும். கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். பொழுது சாய்ந்தால் அம்மாவின் கண்ணுக்குப் படி தெரியாது.

வகுப்பு ஒரு புடவைக்கடைக்கு மேலே. மென்பொருளைத் திறந்தால் திரையின் ஒரு பாதியில் கமரா காண்பது தெரியும். மறுபாதியில் எண்கள்: எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது, எந்தக் கணத்தில் படம் எடுப்பது, நல்ல போத்தலின் படத்தோடு எவ்வளவு பொருந்தினால் ஏற்பது. பொருந்தினால் திரையில் பச்சைக் கட்டம், இல்லாவிட்டால் சிவப்பு. எனக்கு அந்தச் சாம்பல்நிறப் படம் பிடித்திருந்தது. சத்தமே இல்லாத ஓர் ஊரின் தெரு மாதிரி இருக்கும். போத்தல்கள் ஒவ்வொன்றாக வந்து, வெளிச்சத்தில் ஒரு கணம் நின்று, போய்விடும். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தத் தெருவால் நானும் நடந்து வருவதாகத் தோன்றும். பிறகு திடுக்கிட்டு எண்களைச் சரிபார்ப்பேன். சரியாக இருந்தாலும் திரும்பவும் பார்ப்பேன்.

"கமரா எழும்பி ஓடாது, சுபோதினி. கதிரையில சாஞ்சு இரும்," என்பான் கிஷாந்த்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும்தான். ஆனால் எங்கள் தர மேலாளர் ஒஸ்வால்டுக்குச் சோதனை வைக்க வெள்ளிக்கிழமை மாலைதான் நேரம் கிடைத்தது. அவர் ஆளுக்கொரு பெட்டி போத்தல் கொண்டுவந்தார். நடுவே பழுதான போத்தல்களும் இருந்தன.

"நல்லது பச்சைப் பெட்டிக்கு, பழுது சிவப்புக்கு. நான் சன்னலடியில இருக்கிறன். ஒருத்தரும் என்னட்டக் கேள்வி கேக்க வேணாம்," என்றார்.

நான் ஒழுங்காகத் தொடங்கினேன். முதலில் ஒளி, பிறகு கூர்மை, பிறகு பொருத்தம். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, போத்தல்களைக் கமராவின் கீழே கொண்டுபோய் நிறப்படி பெட்டிகளில் தள்ளும் பட்டியை ஓடவிட்டேன். முதல் போத்தல் பச்சை. அடுத்ததும் பச்சை. கடற்பக்கமாக ரயில் போனது. மேசை மெல்ல அதிர்ந்தது. மஞ்சள் வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அமைதியாக இருந்தேன்.

பிறகு சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. கையில் எடுத்துப் பார்த்தேன். மூடி இறுக்கமாக இருந்தது, அளவும் சரி. பிழை என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒளியைக் கூட்டினேன். படம் பால் கலந்ததுபோல் ஆனது. குறைத்தேன். போத்தல்கள் பனிக்குள் நிற்கும் ஆட்களாக மாறின. பட்டியை நிறுத்திவிட்டு வெறும் திரையைப் பார்த்தேன். வெள்ளை இழை ஒன்று அதில் வளைந்து, அவிழ்ந்து, மெதுவாக மறைந்தது. எங்கோ தூங்கும் யாரோ விட்ட மூச்சுப்போல.

அப்போதுதான் மணம் தெரிந்தது. இவ்வளவு நேரமும் அதை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை என்றால் அப்படித்தான் மணக்கும், அதை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

படியால் இறங்கி ஓடினேன். கடைக்காரி சரோஜினிதேவி தூபக்காலோடு பாதிப் படியில் நின்றார்.

"அன்ரி, புகை மேல வருது. கமராவுக்கு ஒண்டும் தெரியேல்லை."

"ஏன், கமராவுக்கு இருமலோ? வெள்ளிக்கிழமை படிக்குப் புகை காட்டாமல் விடச் சொல்லுறியே, பிள்ளை?"

"இல்லை அன்ரி... எனக்கு இண்டைக்குச் சோதனை."

"அப்ப உனக்குத்தான் முதல்ல காட்டோணும்," என்று என் தலையைச் சுற்றி ஒருமுறை காட்டினார். பிறகுதான் கீழே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் மேலே வந்தபோது அறையில் புகை இன்னும் கலையவில்லை. ஆனாலும் கிஷாந்தின் திரை பச்சை பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

"பொருத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவிடும்," என்று அவன் காதோடு சொன்னான். "எல்லாம் போகுது பாரும்."

இறக்கினால் எனக்கும் போகும். சுட்டியைப் பொருத்தத்தின் எண்ணில் வைத்தேன். கிஷாந்த் எப்போதும் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் திரையிலிருந்த போத்தலுக்கு மூடி இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. கையை எடுத்தேன். முதலில் சேமித்த எண்களைத் திரும்பக் கொண்டுவந்து, பட்டியை ஓடவிட்டு, போத்தல்களை வைப்பதைத் தவிர வேறெதையும் தொடாமல் இருந்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஹொரணையில் மழை பெய்யும் ஓர் அறை எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தேயிராத அறை.

"சரி, நிப்பாட்டுங்க," என்றார் ஒஸ்வால்ட்.

என் சிவப்புப் பெட்டி நிறைந்து வழிந்தது. அவர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு கிஷாந்தின் பச்சைப் பெட்டியில் கைவிட்டு ஒரு போத்தலை எடுத்துச் சரித்தார். சரிந்திருந்த மூடியின் ஓரத்தால் நெல்லிரசம் அவர் விரலில் வழிந்தது.

"புகை, சேர்," என்றான் கிஷாந்த். "அதுதான் கொஞ்சம் இறக்கினனான்."

"சுபோதினிக்கும் அதே புகைதானே?" அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். "தெரியாட்டி வேணாம் எண்டு சொல்லுற கமராதான் எனக்குத் தேவை. வீணாத் தள்ளின போத்தலை நான் திருப்பிப் பாக்கலாம். கடைக்குப் போனதை எப்படிப் பாக்கிறது?" என் பக்கம் திரும்பினார். "புகை போயிட்டுது. ஓட்டிக் காட்டும்."

ஓட்டினேன். எண்கள் எதையும் மாற்றவில்லை. போத்தல்கள் கழுவிவிட்ட தெருவில் வருவதுபோல் வந்தன. நல்லவை பச்சையாகப் போயின. அளவு குறைந்த ஒன்றும் மூடி சரிந்த ஒன்றும் சிவப்பாக நின்றன.

"அடுத்த மாதம் வாற கமராப் பெட்டியை நீர்தான் உடைக்கோணும்," என்றார் ஒஸ்வால்ட்.

சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிட்டது. "சேர், இன்னொருக்கா ஓட்டிப் பாக்கட்டோ?"

கிஷாந்த் சிரித்தான். முழுச் சிரிப்பு இல்லை. "நீர் திருந்தமாட்டீர். இரும், நான் வைச்சுவிடுறன்."

அவன் பட்டியின் தொடக்கத்தில் நின்று போத்தல்களை ஒவ்வொன்றாக வைத்தான். நான் திரையைப் பார்த்தேன். ஒரு போத்தலை நேராக்கப்போய் அவன் கை கமராவுக்குள் வந்துவிட்டது. சாம்பல்நிறத் தெருவில் ஐந்து விரல்களும் அசையாமல் நின்றன. கட்டம் சிவந்தது. அவனும் அதைக் கண்டான். கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, அடுத்த போத்தலை வைத்தான்.