ஜோடிச் சீட்டு

"அம்மா, லிஃப்ட்ல ஏறிட்டார்!"

நர்ஸ் சொல்லிவிட்டு ஓடினாள். ஐந்து மாடி. மிஞ்சிப்போனால் முப்பது விநாடி.

அவள் கட்டிலுக்குத் தாவினாள். சுவரில் இருந்த ஆக்சிஜன் திருகை இடப்பக்கம் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. வலப்பக்கம். கண்ணாடி பாட்டிலில் இருந்த தண்ணீர், உலை கொதிப்பதுபோல் குபுகுபுவென்று கத்த ஆரம்பித்தது. அதிகம். குறைத்தாள். இன்னும் கொஞ்சம். இப்போது சரி. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு, உள்ளே ஒருவர் சிரமப்பட்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

உள்ளே இருந்தவருக்கு அந்தச் சிரமம் முடிந்து நாலு மணி நேரம் ஆகிவிட்டது.

போர்வையைக் கணவரின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பச்சைத் திரையை இழுத்து மூடினாள். நாலு மணிக்கு மேல் அழுதுகொள்ளலாம். இப்போது மூன்று பத்து.

காலையில் அவள் கீழே ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போயிருந்த பத்து நிமிடத்தில்தான் எல்லாம் முடிந்திருந்தது. சரியாகப் பதினொன்று பத்துக்கு. "உங்களைத் தேடினோம்மா, உங்க போன் இங்கயே சார்ஜர்ல அடிச்சுது" என்று காலை ஷிப்ட் நர்ஸ் கையைப் பிசைந்தாள். பன்னிரண்டு மணிவாக்கில்தான் அவள் போனை எடுத்து, கணவரின் கட்சிக்குச் சொல்ல எண்களை அழுத்தப் போனாள். அதற்குள் அதுவே அடித்தது. கட்சி அலுவலகம். எதிர்முனையில் துள்ளல்.

"அக்கா, விஷயம் தெரியுமா? உங்க அண்ணன் ஜோடிக்கு ஒத்துக்கிட்டார்! கையெழுத்தே போட்டாச்சு! தலைவர் நாலு மணி வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தாலே போதும்!"

அவள் "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தப் பொய் தொடங்கியது.

விஷயம் இதுதான். அணு ஒப்பந்தத்திலிருந்து நாடு விலகுவதா, வேண்டாமா? மூன்று வாரமாக அவையில் இதே சண்டை. இன்று நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. விலகினால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இருபத்துநாலு மணி நேரத்தில் பெட்டியைக் கட்டவேண்டும். எரிபொருள் கிடங்கில் அவர்கள் வைத்த சீல்கள் வெட்டப்படும். கேமராக்கள் அணையும். நீங்கள் விலகினால் மறுநாளே நாங்களும் என்று பக்கத்து நாடு சொல்லிவிட்டது. அவையில் விலக வேண்டும் என்பவர்கள் தொண்ணூற்றேழு. வேண்டாம் என்பவர்கள் தொண்ணூற்றேழு, படுக்கையில் கிடந்த அவள் கணவரையும் சேர்த்து. சமமானால் தீர்மானம் விழும். அவர் இல்லையென்றால் ஒரே ஓட்டில் ஜெயிக்கும்.

அதற்குத்தான் ஜோடி. இந்தப் பக்கம் ஒருவர் நோயில் படுத்தால், அந்தப் பக்கம் ஒருவர் 'நானும் ஓட்டுப் போடவில்லை' என்று சீட்டில் கையெழுத்திட்டு வெளியே நிற்கலாம். அது உறுப்பினரின் சொந்த வாக்குறுதி. கட்சி திட்டலாம், தடுக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை. நோயாளிக்குத்தான் ஜோடி உண்டு. செத்தவருக்குக் கிடையாது.

"நேரத்தை மாத்தி எழுதமாட்டேன்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வெளியில எப்ப சொல்றதுங்கிறது குடும்பத்தோட இஷ்டம்."

குடும்பம் என்றால் அவள்தான். அண்ணனும்தான். ஆனால் அண்ணன் அந்தப் பக்கம்.

கதவு திறந்தது.

பத்திரிகைகள் அண்ணனுக்கு வைத்த பெயர் பீரங்கி. ஒப்பந்தத்துக்கு எதிராக முப்பது வருடம் முழங்கியவர். இன்று அந்தப் பீரங்கி சத்தமில்லாமல் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது.

"எப்படி இருக்கார், வாலு?"

ஐம்பத்தெட்டு வயதிலும் அவருக்கு அவள் வாலுதான்.

"தூங்கறார்ண்ணே. இப்பத்தான் ஊசி போட்டாங்க. திரைக்குள்ள யாரையும் விடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். கிருமியாம். என்னையே விடமாட்டேங்கறாங்கன்னா பாரேன். நீ இப்படி சோபாவுல உக்காரு, ஃபேன் போடவா? ஏசி குளிருதா?"

பேசிக்கொண்டே நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக. பிரித்து மறுபடி இரண்டாக. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவள் கை சும்மா இருக்காது. சட்டென்று உறைத்தது. துண்டைக் கீழே வைத்தாள்.

அண்ணன் துண்டைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

சுவரில் டிவி ஓடியது. அமைச்சர் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். "நம் கிடங்கு! நம் பூட்டு! சாவி மட்டும் எவனோ ஒருவன் கையில்!" பின்வரிசை மேஜைகள் அதிர்ந்தன.

"உன் வசனம்தானேண்ணே அது?"

"என்னோடதுதான். திருடிட்டான். எனக்கு மூணு பெருமூச்சு விட்டுச் சொல்ல வரும், அவனுக்கு ஒண்ணுகூட வரல."

"அவர் அதுக்குப் பதில் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? 'மச்சான், பூட்டு உங்களைச் சந்தேகப்பட்டுப் போட்டது இல்ல. அடுத்த வீட்டுக்காரன் நிம்மதியாத் தூங்கறதுக்குப் போட்டது. அவன் முழிச்சிக்கிட்டா நம்மளையும் தூங்கவிடமாட்டான்.' அவையே சிரிச்சுது. நான் எழுந்து, 'குறட்டை விடறவங்க தூக்கத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம்'னேன். அதுக்கும் சிரிச்சுது." ஒரு கணம் நிறுத்தினார். "வம்பு பண்றதுக்கு மாப்பிள்ளை மாதிரி ஒரு ஆள் கிடைக்காது."

கிடைக்காது என்ற சொல் அவளைக் குத்தியது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் கேமராக்காரர்கள் மூன்று பேர். காலையில் ஒருவன்தான் இருந்தான். திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள்.

மூன்று இருபத்தைந்து. நேற்று இதே நேரத்தில் கணவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நாலு மணி வரைக்கும் என்னை எப்படியாவது ஓட்டிடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்று கண்ணடித்திருந்தார்.

அண்ணனின் போன் அடித்தது. மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார். ஆளும் கட்சியின் கொறடா. உறுப்பினர்களை விரட்டிப் பிடித்து ஓட்டுக்கு ஓட்டிவருவதுதான் அவர் வேலை. குரலும் அதற்கேற்ற குரல்.

"பீரங்கி, எங்கய்யா இருக்கே?"

"ஆஸ்பத்திரியில. மாப்பிள்ளை பக்கத்துல."

"ஆளைக் கண்ணால பார்த்தியா?"

அவள் கை தானாகத் துண்டை எடுத்தது.

"ஏன் கேக்கறே?"

"தகவல் வந்திருக்குய்யா. காலையிலயே ஆள் போயாச்சுன்னு. உன் தங்கச்சி மூடி மறைக்கிறாங்கன்னு. நிஜமா இருந்தா ஜோடி செல்லாது. பத்து நிமிஷத்துல இங்க வந்து ஓட்டைப் போடு. நாடு காத்துக்கிட்டிருக்கு!"

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். திரைக்கு அருகே போனார். அவள் வழியை மறிக்க ஓரடி வைத்தாள். அவர் திரையைத் தொடவில்லை. போனை மட்டும் நீட்டினார்.

குபு... குபு... குபு...

"கேக்குதா? மூச்சு. உன்னோடது நின்னாக்கூட மாப்பிள்ளையோடது நிக்காது. வை போனை."

நம்பிவிட்டார். இந்தச் சத்தத்தை நம்பிவிட்டார். நிம்மதி வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. கூடப் பிறந்தவர், தன் கட்சியிடம் அவளுக்காகச் சத்தியம் செய்கிறார். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் பீரங்கியை ஒரு தங்கச்சி முட்டாளாக்கினாள் என்று ஊரே சிரிக்கும்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. தினமும் வந்து மாப்பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுத்தான் உட்காருவார். இன்று உள்ளே விடு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே?

மூன்று நாற்பத்தைந்து. கதவு தட்டப்படவில்லை, தள்ளப்பட்டது. கொறடாவின் செயலாளர். கதவின் அகலத்துக்கு ஆள். மூச்சு வாங்கியது.

"வண்டி கீழ ரெடிங்க. ஒரே ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடறேன். உயிரோட இருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டுக் கிளம்பிடுவேன்."

"இல்லன்னா?" என்றார் அண்ணன்.

"இல்லன்னா... நீங்க என்கூட வரணும்."

செயலாளர் திரையை நோக்கி நடந்தார். துண்டு அவள் கையில் சுருண்டது. செயலாளரின் விரல்கள் பச்சைத் துணியின் விளிம்பைத் தொட்டன.

"உள்ள உடம்பு துடைச்சு விட்டிருக்காங்க" என்றார் அண்ணன், நகராமல். "மேல ஒட்டுத் துணி கிடையாது. அவரும் ஒரு எம்.பி. விலக்கிப் பாருங்க. நாளைக்கு நானே அவையில எழுந்து, எதிர்க்கட்சி உறுப்பினரை எந்தக் கோலத்துல பார்க்க ஆள் அனுப்பினீங்கன்னு கேக்கறேன். உங்க பேர், அப்பா பேர் ரெண்டையும் சொல்லியே கேக்கறேன்."

விரல்கள் நின்றன.

"கொறடா கேட்டா என்னங்க சொல்றது?"

"பீரங்கி வெடிச்சிட்டுதுன்னு சொல்லுங்க."

ஆள் ஒருமுறை திரையைப் பார்த்தார். ஒருமுறை அண்ணனைப் பார்த்தார். போய்விட்டார். அவளுக்குக் காரணம் புரிந்தமாதிரி இருந்தது. அண்ணனுக்கு ரோஷம். கொடுத்த வாக்கை ஆள் விட்டுச் சோதித்தால் பிடிக்காது.

டிவியில் ஓட்டெடுப்பு மணி அலறியது. கதவுகளைச் சாத்த இன்னும் எட்டு நிமிடம். உறுப்பினர்கள் தாழ்வாரங்களில் ஓடினார்கள். அண்ணனின் போன் மேஜையில் துடித்துத் துடித்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. விழுவதற்குள் அவர் அதைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். எடுக்கவில்லை. ஐந்து நிமிடம். இரண்டு. அவையின் கதவுகள் சாத்தப்பட்டன.

அவள் எண்ணினாள். தன் மூச்சையா, பாட்டிலின் குமிழிகளையா என்று தெரியாமல் எண்ணினாள்.

சபாநாயகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். ஆதரவு தொண்ணூற்றாறு. எதிர்ப்பு தொண்ணூற்றாறு. தீர்மானம் தோற்றது.

ஒரு பக்கம் கூச்சல். ஒரு பக்கம் கைதட்டல். அண்ணன் டிவியை அணைத்தார். எழுந்தார். திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். நேராகச் சுவருக்குப் போய் ஆக்சிஜன் திருகை மூடினார்.

அறை அமைதியானது.

"முடிஞ்சுது மாப்பிள்ளை" என்றார், தலையைத் தடவி. "ஜெயிச்சுட்டீங்க."

அவள் உடைந்தாள். "அண்ணே... பதினொண்ணு பத்துக்கே... உன்கிட்ட சொல்லாம... நீ போட்ட கையெழுத்தை வச்சு உன்னையே ஏமாத்திட்டேன். யார் கேட்டாலும் நான்தான் பண்ணேன்னு சொல்லிடறேன். உன் பேரைக் கெடுக்கமாட்டேன்."

"போன வாரம் என்கிட்ட ஒண்ணு கேட்டார்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "'மச்சான், அந்தக் கேமராவை அணைச்சதும் முதல் வேலையா உள்ள என்ன பண்ணப்போறீங்க?' கட்சியில ஒவ்வொருத்தனா கேட்டுப் பார்த்தேன். அமைச்சரைக் கேட்டேன். ஒருத்தனும் பதில் சொல்லல, வாலு. எல்லாரும் பேச்சை மாத்தினாங்க. அப்பத்தான் பயம் வந்துது. ஆனா முப்பது வருஷம் கத்திட்டு, எழுந்து எதிர்த்து ஓட்டுப் போட எனக்குத் தைரியம் இல்ல. கோழை."

"அப்ப... உள்ள வந்ததும் தெரிஞ்சுபோச்சா? துண்டைப் பார்த்தா? அந்தச் சத்தம் சரியா வரலையா?"

"சத்தமெல்லாம் பிரமாதம்."

சட்டைப் பையிலிருந்து ஜோடிச் சீட்டின் நகலை எடுத்து அவள் மடியில் வைத்தார். கணவரின் பெயர். அண்ணனின் கையெழுத்து. பக்கத்தில் அவரே எழுதியிருந்த நேரம்: 11.40.

அவளுக்குப் புரியவில்லை. அவர் போனைத் திறந்து, காலையில் வந்த அழைப்புகளைக் காட்டினார். ஆஸ்பத்திரியின் எண். 11.14. நாற்பத்தெட்டு விநாடி பேசியிருந்தார்.

"உன் போன் இங்கயே அடிச்சுக்கிட்டு இருந்துதாம்" என்றார். "அட்மிஷன் பாரத்துல ரெண்டாவது நம்பர் என்னோடது."