பாதியில் கேட்ட கவிதை

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் ஜனவரியில் இறந்தவர்களை மே மாதம்தான் புதைப்பார்கள். அதுவரை மண் இரும்பாகக் கிடக்கும். கவிஞர் மோராக்கின் சவப்பெட்டியும் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கல் அறையில் காத்திருந்தது. குளிர்காலத்தில் நடந்த இறுதிப் பூசைக்கு டொராண்டோவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். உள்ளூரில் இருந்த அவள் அண்ணன் டான் ரோரி போகவில்லை.

"பூமியே இளகிடுச்சு, நீங்க இன்னும் இளகல," என்றாள் அவர் மனைவி பெய்கி.

"ஊரக் கூட்டி வச்சு என் மானத்த வாங்கினவ அவ."

அப்பா இறந்த மாதமே டான் ரோரி அவருடைய மீன்பிடிப் படகை விற்றுவிட்டார். தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பத்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து மோராக் முதல் புத்தகத்தோடு வந்து, தேவாலயக் கூடத்தில் அந்தப் படகைப் பற்றிய கவிதையை வாசித்தாள். அப்பாவின் கல்லறை மண் காய்வதற்குள் அண்ணன் படகை விற்றதாக ஒரு வரி. கூடமே திரும்பி அவரைப் பார்த்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார். யாருக்காக விற்றார் என்று அவளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அவள் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு அவள் போன் செய்தால் பெய்கிதான் பேசுவாள்.

பெய்கியின் தொல்லை தாங்காமல் அடக்கத்துக்கு வந்து, வேலியோரமாக நின்றார். பாதிரியார் முடித்ததும், சிங்கிறால் பிடித்த கையோடு ரப்பர் பூட்ஸில் வந்திருந்த பழைய நண்பன் ஹெக்டர் தொப்பியைக் கழற்றினான். அதே கவிதையை மனப்பாடமாகச் சொன்னான். அந்த வரி வந்ததும் டான் ரோரி போகத் திரும்பினார். பெய்கி அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிச்சத்தையும் கேட்க வேண்டியதாயிற்று. விற்ற படகு ஒரு பெண்ணின் ரயில் டிக்கெட் ஆனது, புத்தகங்கள் ஆனது. அண்ணன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். 'அந்தப் படகில் இன்றும் நான் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்காக அவன் கரையில் நிற்கிறான்' என்று முடிந்தது.

"இதான் முடிவா?" என்று ஹெக்டரிடம் கேட்டார்.

"என்னப்பா, என் பேரன்கூடப் பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிறான்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"அவ பேர எடுத்தா நீ நின்னாத்தானே? அன்னிக்கு நடுவுல நிறுத்திட்டு கதவையே பாத்துக்கிட்டு இருந்தா. நீ வரல. அப்புறந்தான் மிச்சத்தப் படிச்சா."

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினார் டான் ரோரி.

"கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவாளே. என்ன கேப்பா?"

"அண்ணன் இருக்காரான்னு கேப்பா," என்றாள் பெய்கி. "பக்கத்துலதான் நிக்கிறாருன்னு சொல்வேன்."