பூஜைக்கு நின்ற லேத்

எங்கள் சூப்பர்வைசர் அசோக்குமாருக்கு எல்லா வேலையும் நேற்றே முடிந்திருக்க வேண்டும். நெய்வேலியில் சுரங்க மோட்டார்களைப் பழுது பார்க்கும் சின்ன கான்ட்ராக்ட் கம்பெனி எங்களுடையது. ஒர்க் ஷாப்பில் எந்த மெஷின் நின்றாலும் முதலாளிக்குத் தானாகவே போன் போக வேண்டும். அதற்கான புரோகிராமை ஆயுத பூஜையன்று, சூடம் காட்டும் நேரத்தில் தொடங்கி வைக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. பூஜைக்கு இரண்டே நாள் இருந்தது.

நானோ கம்ப்யூட்டரைத் தொடாமல் வெள்ளை போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 'மெஷின் நின்றால், முதலாளிக்குப் போன் போடு. மறுபடி ஓடும் வரை, நிமிடத்துக்கு ஒரு முறை போடு.'

"என்ன புவனா, கதை எழுதுறியா? சாயங்காலத்துக்குள்ள புரோகிராம் வரலன்னா வேலைய சிலம்பரசன்கிட்ட குடுத்துடுவேன்," என்றார் அசோக்குமார்.

எனக்குச் சுருக்கென்றது. படித்து முடித்து வந்தபின் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அஞ்சு நிமிஷம் நடிச்சுப் பாத்துடலாம் சார். நீங்கதான் புரோகிராம். போர்டுல இருக்கறத மட்டும் செய்யணும், சொந்தமா யோசிக்கக் கூடாது."

"அது சாருக்கு ஈஸிதான்," என்று முணுமுணுத்தான் பக்கத்து மேஜை சிலம்பரசன். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. அவனை லேத் மெஷின் ஆக்கினேன். கையைச் சுழற்றிக் கிர்ரென்று ஓடினான். நான் முதலாளி. சாரைச் சீண்டத்தான் ஆயுத பூஜை நடப்பதாகவே வைத்துக்கொண்டேன். சந்தனம் வைக்கப் போனதும் சிலம்பரசன் கையை நிறுத்திவிட்டான். ஓடுகிற மெஷினுக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

அசோக்குமார் போர்டைப் பார்த்தார். "டிரிங்... சார், மெஷின் நின்னுடுச்சு." சற்றுக் கழித்து மறுபடியும், "டிரிங்... சார், மெஷின் நின்னுடுச்சு."

"கையில சூடத்தட்டு இருக்குய்யா!" என்று முதலாளி குரலில் கத்தினேன்.

"நான் இன்னும் நின்னுகினுதான் இருக்கேன் சார்," என்றது லேத். "எனக்குப் பின்னாடி அல்லா மெஷினும் பொட்டு வச்சிகினு நிக்குது. அதுங்களுக்கும் போன் போடுங்க."

அடுத்த டிரிங் வரவில்லை. அசோக்குமார் நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"முதலாளி அந்தப் போனை என் தலையிலதான் எறிஞ்சிருப்பாரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க்கரை வாங்கினார். முதல் வரிக்கு மேலே எழுதினார்: 'பூஜை என்றால், சும்மா இரு.' கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி: 'அசோக்குமார் அவசரப்படுத்தினால், புவனாவுக்கு மேலும் ஒரு நாள் கொடு.'

"வேலை உன்னோடதுதாம்மா," என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.